காத்திருப்போர் பட்டியல்

சோதனை அட்டையில் மூன்று சொட்டு விட்டுவிட்டு சுலோசனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆகும்.

பாட்டிலில் வைஷாலியின் பெயர் ஒட்டியிருந்தது.

சவூதிக்குப் போகிறவர்களுக்குப் பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, தான் வேலை பார்க்கும் லேபிலேயே வைஷாலி ரத்தமும் சிறுநீரும் கொடுத்திருந்தாள்.

ரியாத் ஆஸ்பத்திரிக்கு லேப் டெக்னீஷியன் தேவை என்ற விளம்பரத்தை முதலில் பார்த்தது சுலோசனாதான். மைசூரிலிருந்து நேர்காணலுக்கு அவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதும் சுலோசனாதான்.

பதினான்கு வருட அனுபவத்தை விட்டுவிட்டு, நான்கு வருடக்காரியை எடுத்துக்கொண்டார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர், சுலோசனா.

அன்றிலிருந்து வைஷாலி சிரித்தாலே அவளுக்கு எரிந்தது.

காலையிலிருந்து எல்லாச் சோதனையையும் வேறு யாருக்கும் விடாமல் அவளே செய்தாள். மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை. சர்க்கரை இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யையும் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது.

இது ஒன்றுதான் பாக்கி. கர்ப்பிணிகளை அவர்கள் எடுப்பதில்லை.

முதல் கோடு வந்தது. அது எல்லோருக்கும் வரும்.

மூன்றாவது நிமிடம், பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. பார்க்கப் பார்க்க அழுத்தமானது.

ரியாத் இனி சுலோசனாவுக்குத்தான்.

முகத்தை வருத்தமாக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரத்தம் எடுக்கும் மேஜையில் வைஷாலி ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெடிக்கல்ல உன்னை எடுக்க மாட்டாங்க வைஷாலி. நீ மாசமா இருக்க."

வைஷாலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமாவா அக்கா?"

அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருடம், ஆறு வருடம் என்று அதையே சொல்லிக்கொண்டு, எழுந்து வந்து சுலோசனாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ரியாத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுலோசனா கையைத் தூக்கி அவள் முதுகில் தட்டிக்கொடுக்கப் பார்த்தாள். கை எழவில்லை.

சுலோசனாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். நாள் தள்ளிப்போகும் மாதங்களில், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, உள்ளே அதே சோதனை மேஜையில் தனக்கும் பார்த்துக்கொள்வாள்.

ஒருமுறைகூட இரண்டாவது கோடு வந்ததில்லை.