வேலை பார்க்க வந்தவர்

"தேத்தண்ணிக்குச் சீனி பத்தல புள்ள" என்று சிரித்துவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போன அருளப்பன், அன்றே மண்சரிவில் இறந்துபோனார். ஒரு வருடமாகிவிட்டது. அவர் மனைவி மரியபுஷ்பம் பூனாகலையிலிருந்து பஸ் ஏறி, அப்புத்தளைச் சிறுவர் இல்லத்துக்கு வந்தார். இது மூன்றாவது இடம். முதல் இரண்டும் பிடிக்கவில்லை.

"வேலையப் பாக்க வந்தேங்க சிஸ்டர்."

"நல்ல நேரத்துல வந்தீங்க. சமையக்காரம்மா நின்னுட்டாங்க" என்று சிஸ்டர் அகப்பையைக் கையில் கொடுத்தார்.

மரியபுஷ்பம் அரிசியை முகர்ந்து பார்த்து உலையில் போட்டார். பிள்ளைகள் மூன்றாம் தடவை சோறு கேட்டபோதும் சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. கடைசியாக அதே சட்டியில் மிஞ்சியதைத்தான் சிஸ்டரும் சாப்பிட்டார்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?"

"சம்பளமா? நீங்க செய்ற வேலையப் பாக்கத்தாங்க வந்தேன். குடுக்கிறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருன்னு எங்க ஃபாதர் சொன்னாரு. இது எங்க வீட்டுக்காரரு சம்பளத்துல பிடிச்சுச் சேந்த சேமலாபக் காசு."

மரியபுஷ்பம் நீட்டிய உறையைப் பார்த்துச் சிஸ்டர் திகைத்தார். "ஐயோ, உங்கள சட்டி வேற கழுவ வச்சிட்டேனே."

"கழுவுனதாலதான் சட்டி காலியானத பாத்தேன். அருளப்பன்னு ரசீது எழுதுங்க."

இருவரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு சிறுமி வந்து மரியபுஷ்பத்தின் சேலையை இழுத்தாள்.

"நாளைக்கு என்ன கறி?"