பதினேழாம் நம்பர்

சிகரெட் பிடித்த மகனோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாத பெரியவர், வேலைக்குக் கிளம்பிய மருமகளை வாசலில் மறித்தார். மருந்து ஆய்வில் சேர்ந்தவர்களின் பதில்களைக் கம்ப்யூட்டரில் பதிவது அவள் வேலை.

“உங்க ஆய்வுல சேர்ந்தப்ப நர்ஸ்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டேம்மா. என் நம்பர் பதினேழு. அதுல ‘தினம் ரெண்டு சிகரெட்’னு இருக்குமே, அதை அழிச்சிடு. குடும்ப மானம் கப்பலேறிடும்!”

“அழிக்க முடியாது மாமா. திருத்தினாலும் பழைய பதில் அப்படியே நிக்கும். யார், ஏன் திருத்தினாங்கன்னும் பதிவாகும்.”

“சரி, உன் அத்தைகிட்டயாவது மூச்சு விடாதே.”

மருமகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“எங்களுக்கு நம்பர் மட்டும்தான் மாமா வரும், பேர் வராது. அந்தப் பதினேழு நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது!”