மீன் தண்ணீர் குடித்த செம்பருத்தி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் தாமோதரன் தயார். கற்பூரத்தை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தின் மூன்றாம் நாள். விசைப்படகு காசிமேட்டில் கட்டிக் கிடந்தது. அதை ஓட்டுகிற தாமோதரன் திருவொற்றியூர் குப்பத்தில், சொந்த வீட்டு வாசலில், கட்டாமலே கிடந்தார்.

வலையைக் காயப்போட இடம் தேடியபோது, மனைவி புஷ்பவல்லியின் செம்பருத்திச் செடி குறுக்கே நின்றது.

ஒரு கிளையைத்தான் வெட்டினார். செடி இடப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிந்தது. சரிசெய்ய வலப்பக்கம் ஒன்று. பிறகு இடப்பக்கம் இரண்டு. படகோட்டுகிறவருக்கு எதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பது பிடிக்காது.

கடைசியில் சாயாமல் நின்றது, முழங்கால் உயரக் கட்டை.

தடை இல்லாத கட்டுமரத்து மீனை விற்றுவிட்டு வந்த புஷ்பவல்லி கூடையை இறக்கினாள். கட்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனை, எந்த உயரத்தில் வெட்டலாம் என்பதுபோல் பார்த்தாள்.

தடை முடிந்து படகு கிளம்பும் காலையில் அந்தச் செடியின் பூதான் படகின் மூக்கில் ஏறும். இருபத்திரண்டு வருட வழக்கம்.

"பூ வந்தா நீ படகை எடு. வரல, வூட்லயே குந்திகினு கெட, என் தம்பி ஓட்டுவான். போட்டு எம்பேர்ல கீது, ஞாபகம் வச்சிக்க."

தம்பி மாரியப்பன் அன்று மாலையே வந்து நின்றான்.

"இன்னா மாமா, பாலு ஊத்த வேண்டியதுக்குத் தண்ணி ஊத்திகினு கீற? புடுங்கிப் போட்டு நர்சரில புச்சா ஒண்ணு வாங்கி நடு."

"வெட்னவன் நானு. வளக்குறவனும் நாந்தான். போடா."

மறுநாளிலிருந்து தாமோதரன் குடத்தோடு வீடு வீடாக ஏறி, மீன் கழுவிய தண்ணீர் கேட்டார். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது குப்பத்திலேயே அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

முதல் வாரம் துளிர் வரவில்லை. பூனைகள் வந்தன. பதினான்கு. கட்டையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, பஞ்சாயத்து பேசுவதுபோல் அவரையே பார்த்தன.

முப்பதாம் நாள் ஒரு கொழுந்து. வெயிலில் அது செதில்போல மின்னியது.

நாற்பதாம் நாள் ஒவ்வோர் இலையும் அப்பளம் அளவு. ஐம்பதாம் நாள் செடி கூரையைத் தாண்டியது. கூடு கட்ட வந்த காக்கையிடம், பூ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தாமோதரன் சொல்லி அனுப்பினார்.

அறுபத்தோராம் நாள், தடையின் கடைசி நாள், ஒரே ஒரு பூ. சோற்றுத் தட்டு அகலம். வாசனை, சுத்தமான வஞ்சிரம்.

மறுநாள் காலை காசிமேட்டில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாரியப்பன் படகில் ஏறக் காலைத் தூக்கிவிட்டான். தாமோதரன் மெதுவாகத் தலைத்துண்டை அவிழ்த்துப் பூவை எடுத்து நீட்டினார்.

தலைத்துண்டுக்குள் இருந்ததால் அதற்குள் பூ கொஞ்சம் சுருங்கியிருந்தது. சாதாரணச் செம்பருத்தி அளவுக்கு.

புஷ்பவல்லி அதை வாங்கினாள். முகர்ந்தாள். காம்பைத் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிறிது நேரம் தோள் குலுங்க நின்றாள். பிறகு பூவைப் படகின் மூக்கில் செருகினாள்.

"ஏறு."

தாமோதரன் ஏறினார். மாரியப்பன் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

வெட்டுப்பட்ட அந்தச் செம்பருத்திக் கட்டையை, தாமோதரன் முதல் குடத்துக்குத் தெருவில் இறங்கியபோதே, புஷ்பவல்லி வேரோடு தோண்டிப் பெரம்பூரில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மீதி நாளெல்லாம் அந்த இடத்தில் நின்று மீன் தண்ணீர் குடித்தது, அதே முழங்கால் உயரத்துக்கு அவள் அடித்து வைத்த சவுக்குக் கம்பு.