கீச் சத்தம்

“இத்தனை மாசத்துல ஒரு தடவைகூடச் சொதப்பலையா?” என்று கேட்டார் மாநில வரி அதிகாரி நோரீன்.

“என் கை பட்டு எதுவும் கெட்டதே இல்லீங்க மேடம்!” என்றாள் ஆர்டிஸ் பெருமையாக.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்களுக்குப் புது சீஸ் துண்டு பல்லில் பட்டதும் கீச்சென்று சத்தம் போட வேண்டும். மறுநாளே அந்தச் சத்தம் போய்விடும். அதை ஒரு வாரம் நிற்க வைக்கத்தான் ஆர்டிஸ் தன் சின்னத் தொழிற்சாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்யும் கம்பெனிக்கு மாநில அரசு வரியில் சலுகை தரும். ஆர்டிஸுக்கு அதைத் தரலாமா என்று பார்க்கத்தான் நோரீன் வந்திருந்தார். அது கிடைக்காவிட்டால், இதற்கென்றே சேர்த்த இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

நோரீனின் முகம் ஏனோ வாடியது. பேனாவை மூடப் போனார்.

அந்த நேரம் பார்த்தா வாளியோடு நுழைய வேண்டும் டெல்மர்? சாலைக்கு எதிர்ப்பக்கம் சீஸ் செய்து விற்கிறவன். தொழிலில் ஆர்டிஸுக்குப் பரம வைரி. போதாததற்குப் பன்றியும் வளர்க்கிறான். இவளிடம் வீணாவதெல்லாம் அவற்றுக்குத்தான்.

“என்ன ஆர்டிஸ், இந்த வாரம் கெட்டுப்போனது எவ்வளவு? பன்னிங்க பசியில கத்துது.”

ஆர்டிஸ் கண்ணால் ஜாடை காட்டினாள். அவன் கண்டுகொண்டால்தானே!

“மேடம், இவ சீஸைப் பத்தி என் பன்னிங்களைக் கேளுங்க. போன மாசம் வந்தது ரப்பர். அதுக்கு முந்தி ஒரே உப்பு. இன்னொண்ணு இருந்த கசப்புக்குப் பன்னியே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு!”

“டெல்மர், வெளிய போறியா இல்லையா?”

“இருங்க, இருங்க.” நோரீன் பேனாவைத் திறந்தார். “உப்பைக் குறைச்சுப் பார்த்தீங்களா?”

ஆர்டிஸுக்கு மானமே போயிற்று.

“குறைச்சேன், கூட்டினேன், பாலோட சூட்டைக்கூட மாத்தினேன். எதுவும் சரியா வரல மேடம்,” என்றாள் அழாத குறையாக. பன்றிக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டுகளையும் கொண்டுவந்து காட்டினாள்.

நோரீன் ஒன்றைக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், அப்புறம் சிரித்துவிட்டார்.

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா? முடிவு தெரிஞ்சே செய்யறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா. தோத்துத் தோத்துத் தேடறவங்களுக்குத்தான் இந்தச் சலுகையே. கவலைப்படாதீங்க, உங்களுக்குக் கிடைச்சிடும்.”

அவர் கார் கிளம்பியதும் ஆர்டிஸ் டெல்மர் பக்கம் திரும்பினாள். அத்தனை சந்தோஷத்திலும் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

“என்னைக் கவுக்கத்தானே வந்த? உன் துரதிர்ஷ்டம், எனக்கு நல்லதாப் போச்சு!”

டெல்மர் தலையைச் சொறிந்தான்.

“போன வருஷம் இதே அம்மா என்கிட்டயும் வந்தாங்க. எல்லாமே முதல் தடவையே சரியா வந்துச்சுன்னு நான் மார் தட்டினேன். ஒரு காசு கிடைக்கல. இன்னிக்கு அவங்க கார் உன் வாசல்ல நிக்கறதைப் பார்த்தேன். உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் ஓடி வந்தேன்.”