காணாமல் போன மத்தியானம்

பட்டையில் கடைசி நாலு எண்கள் அழிந்திருந்தன.

அவள் குழந்தையின் மணிக்கட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கடல் தண்ணீர் பட்டு மை கரைந்து, நீலக் கறையாகிவிட்டது.

காணும் பொங்கல். கடற்கரைக்குள் நுழையும்போதே எல்லாப் பிள்ளைகள் கையிலும் வீட்டுக்காரர்களின் போன் நம்பரைப் பட்டையில் எழுதிக் கட்டிவிடுகிறார்கள். காணாமல் போனால் கூப்பிட.

இந்த நம்பரைக் கூப்பிட முடியாது.

"உம் பேரு?"

"ஹாசினி."

"அப்பா பேரு?"

"அப்பா."

அவள் மைக்கில் சொன்னாள். மஞ்சள் பாவாடை, ஐந்து வயது, காந்தி சிலைக்குப் பின்னால் போலீஸ் கூடாரம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னாள். வெளியே லட்சம் பேர் சத்தம்.

கான்ஸ்டபிளாகிப் பதினெட்டு வருஷம். பெரும்பாலான காணும் பொங்கல்கள் இந்த மணலில்தான் கழிந்திருக்கின்றன.

குழந்தைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். தன் தொப்பியை அதன் தலையில் வைத்தாள். மைக்கில் பேச விட்டாள். ஹாசினி பேரைச் சொல்லிவிட்டு ஒரு பாட்டும் பாடியது.

இரண்டு மணி நேரம் போனது.

அவளும் இங்கே காணாமல் போனவள்தான். அப்போது ஆறு வயது.

வியாசர்பாடியிலிருந்து தெருவே கிளம்பி வரும். அடுக்கில் புளிசாதம். பழைய புடவையில் சுற்றிய கரும்பு. புதுத்துணியின் கஞ்சி வாசனை. மணலில் அப்பா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கடலைப் பார்த்தால் பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்பார்.

அந்த வருஷம் அவள் வண்டி கேட்டாள். மண்சக்கரம் வைத்த சின்ன வண்டி. கயிறு கட்டி இழுத்தால் டம்டம் என்று அடிக்கும்.

அப்பா வேண்டாம் என்றார்.

அவள் வண்டி விற்கிறவன் பின்னாலேயே நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா இல்லை.

ஒரு புருஷன் பெண்சாதி அவளைப் பார்த்தார்கள். கூடப் பிள்ளைகள் யாரும் இல்லை. போலீஸ் பந்தலுக்குக் கூட்டிப் போகும் வழியில் அந்த வண்டியை வாங்கித் தந்தார்கள். பந்தலில் கூடவே உட்கார்ந்தார்கள்.

சுண்டல், அவளுக்கென்று ஒரு முழுப் பொட்டலம். வீட்டில் மூன்று பேருக்கு ஒன்றுதான்.

அந்த அம்மாள் அவளை மடியில் வைத்துப் பின்னலைப் பிரித்துப் புதிதாகப் பின்னிவிட்டாள். என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அப்பாவை அவள் தேடவே இல்லை.

அப்பா வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் அந்த அம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் ஒருவர் சிரித்தார்.

"இன்னாய்யா, உம் பொண்ணுக்கு வர்றதுக்கே இஷ்டமில்ல போலக்குதே!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்பா திட்டவில்லை. நெரிசலில் உடைந்துவிடாமல் அந்த வண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வியாசர்பாடி வரைக்கும்.

மறுவாரம் அப்பா இன்னொரு வண்டி வாங்கி வந்தார். அதைவிடப் பெரியது. தகரச் சக்கரம்.

அவள் பழையதையே இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிய காலத்தில் அவர் இல்லை.

கூடாரத்துத் துணி விலகியது.

உள்ளே வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை ஈர மணல். கையில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு.

"ஹாசினி!"

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. தொப்பி கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருக்கேம்ப்பா," என்றது.

நகர்ந்து வந்து அவளுடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

அவன் நீட்டிய கைகள் பாதியில் நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின. சிரிக்கப் பார்த்தான்.

பக்கத்து மேஜையில் இருந்த ஏட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்கதான் அப்பாவா? ரெண்டு மணி நேரமா உங்களத்தான் கேட்டுனே இருந்துச்சு. அப்பா எங்க, அப்பா எப்ப வருவார்னு ஒரே நச்சரிப்பு. எங்களால சமாளிக்க முடியல."

ஏட்டு வாயை மூடிக்கொண்டார்.

குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

அவள் குனியவில்லை. பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினாள். அவன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடாமலே கீழே வைத்தான். மண்டியிட்டுக் குழந்தையின் காலில் செருப்பை மாட்டினான். வலதும் இடதும் மாறிப்போயிற்று. கழற்றித் திரும்ப மாட்டினான்.

"அப்பாவத் தேடுனியா கண்ணு?"

ஹாசினி அவன் முகத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

பெல்ட்டை விட்டது.

"ரொம்ப," என்றது.