அப்பா பக்கத்து நாற்காலி

"மேல வேணாம்க்கா. கீழ இறக்குங்க" என்றான் புவனேஸ்வரன்.

ஷர்மினி மௌஸை நகர்த்தினாள். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய எடிட்டிங் அறை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

திரையில், போன மாதம் நடந்த அவன் கல்யாணம். அந்தக் காட்சியின் மேல் இன்னொரு அடுக்காக, ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவன் அம்மா. அவனுக்கு மூன்று வயதானபோதே போய்ச் சேர்ந்தவர். பத்து பெரிங்கி கடற்கரையில் எப்போதோ எடுத்த பழைய வீடியோ கேசட். சத்தமே இல்லாமல் சிரித்தார். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

கட்டத்தின் ஓரங்களை ஷர்மினி மெல்லக் கரைத்துவிட்டாள். ஓமப்புகை கடலுக்குள் போவது போலவும், கடல்காற்று மணமேடையில் வீசுவது போலவும் இருந்தது. எது அன்று, எது இன்று என்றே தெரியவில்லை.

"இங்க வைக்கவா?"

"இன்னும் கீழ. அப்பா பக்கத்துல."

அப்பா பக்கத்து நாற்காலியில் நீலப் பட்டு கட்டிய ஒரு பெண் இருந்தார்.

"இவங்க மறைஞ்சிடுவாங்களே தம்பி. யாரு இவங்க?"

"சித்தி. அம்மா போனப்புறம் அப்பா கட்டிக்கிட்டவங்க."

"உங்கள வளத்தவங்களா?"

"ஆமா."

ஷர்மினியின் கை நின்றுவிட்டது. கல்யாண வீடியோ முழுக்க அந்த முகத்தைப் பார்த்திருந்தாள். மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டது இவர்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியாக இலையில் உட்கார்ந்ததும் இவர்தான்.

"மேல அவ்ளோ எடம் காலியா கெடக்குலா. பெத்தவங்களக் கொண்டு வர்றதுக்கு வளத்தவங்கள மறைக்கணுமா?"

அவன் தலை குனிந்துகொண்டான். "அங்கயே வச்சிடுங்கக்கா."

வேண்டாவெறுப்பாக இழுத்து வைத்தாள். நீலப் பட்டு மறைந்தது. அப்பா பக்கத்தில் இப்போது அம்மா. கெட்டிமேளம் முழங்க, மகன் தாலி கட்டும் நேரத்தில், அதைப் பார்த்துத்தான் சிரிப்பது போல் அம்மா சிரித்தார்.

ஒரு கணம் ஷர்மினிக்குக் கோபம்கூட மறந்துபோனது.

அவனுடைய போன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க சித்தி."

"என்ன புவன், நான் சொன்ன எடத்துலயே உங்கம்மாவ வச்சாச்சா?"

"வச்சாச்சு. ஆனா நீங்க தெரியவே இல்ல சித்தி. எனக்கு மனசே வரல."

"அட போப்பா! நான்தான் தெனமும் உன் கண்ணு முன்னாடி நிக்கிறேனே. அது அவங்க நாற்காலி. அவங்க வர்ற வரைக்கும் நான் எடம் புடிச்சு வச்சிருந்தேன், அவ்ளோதான்."