இருபத்திரண்டு சதவீதம்

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்!"

கலைச்செல்வி சிஸ்டர் கத்தக் கத்த, அம்மா மூக்கில் கிளிப்போடு குழாயைக் கவ்விக்கொண்டு ஊதினாள். பாதியிலேயே விட்டுவிட்டாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் எனக்கே கேட்டது.

"பீடி சுத்துத கைக்கு இருக்க பலம் நெஞ்சுக்கு இல்லியேம்மா" என்றார் சிஸ்டர்.

"நெஞ்சை வச்சா பீடி சுத்துதோம்?" என்றாள் அம்மா.

மூச்சு வாங்கும்போதும் வாய் மட்டும் குறையாது.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நாலு தடவை கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஊத வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று சொல்வார்களாம்.

கட்டுக்குள் இருந்தால் இன்று ராத்திரி நான் ஓசூர் பஸ் ஏறுவேன். இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே, முக்கூடலிலேயே, அம்மாவோடு இருந்துவிடுவேன். அம்மாவுக்கு வேறு ஆள் கிடையாது.

காலையில் இதை அவளிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான். ஓசூர் கம்பெனியில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் என் போட்டோவை, பீடித்தூள் கொட்டும் முறத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அவள் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. வராந்தாவில் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம்.

இரண்டாம் தடவை அம்மா விடாமல் ஊதினாள். சிஸ்டர் எண்ணைப் படித்தார். முன்னதைவிட இருபத்திரண்டு சதவீதம் அதிகம்.

அம்மா வெளியே வந்து, பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னாள்: "இருவத்திரெண்டு கூடியிருக்காம்லா! எம் மவ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணணும்னு நின்னா."

"எம்மா, இது மார்க்கு இல்ல. கூடக் கூட மோசம்."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

டாக்டரும் அதைத்தான் சொன்னார். மருந்து போனதும் இவ்வளவு திறக்கிறது என்றால், அதுவரை அவ்வளவு அடைத்துக் கிடந்திருக்கிறது. தினமும் வாயில் வைத்து இழுக்க வேண்டிய பம்ப் மருந்து உள்ளே போகவே இல்லை.

அதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். "படிச்ச பிள்ளைதானே, பார்த்துக்க வேண்டாமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

பார்க்காமலா இருக்கிறேன்? ஒரு ராத்திரி மூச்சு முட்டி அவளை அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதமாக, ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் வீடியோவில் கூப்பிடுகிறேன். அவள் பம்பை வாயில் வைத்து அமுக்க வேண்டும். இன்னும் எத்தனை தடவைக்கு மருந்து மிச்சம் என்று பம்பின் பின்னால் காட்டும் எண் ஒன்று குறைந்ததை எனக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு நாள் விட்டது கிடையாது. எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"சரி. என் முன்னால ஒரு தடவை எடுங்கம்மா" என்றார்.

அம்மா பைக்குள் கையை விட்டுப் பம்பை எடுத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

மூச்சை முழுக்க வெளியே விட்டாள். வாயில் வைத்தாள். அமுக்கிக்கொண்டே பைய உள்ளே இழுத்தாள். அடக்கி வைத்தாள்.

"சரியாத்தானே எடுக்கறீங்க" என்று டாக்டர் முடிப்பதற்குள் இருமல் வந்தது.

அடங்கவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கொண்டை அவிழ்ந்தது. கண்ணில் நீர் கொட்டியது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பதறவில்லை. சிலருக்கு இந்த மருந்து தொண்டையில் பட்டால் அப்படித்தான், நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி எடுத்தால் குறையும் என்றார். "தினமும் இப்படி வருதா?"

அம்மா சுவரைப் பார்த்தாள்.

இந்த எட்டு மாதத்தில் வீடியோவில் அவள் ஒரு தடவைகூட இருமியதில்லை.

வாயில் வைத்திருக்கிறாள். அமுக்கியிருக்கிறாள். எண்ணைக் காட்டியிருக்கிறாள். இழுக்கவே இல்லை. இழுத்தால் இருமல் வரும். இருமல் கேட்டால் நான் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

போனை வைத்த பிறகும் எடுக்க முடியாது. எண் கூடுதலாகக் குறைந்தால் மறுநாள் நான் பிடித்துவிடுவேனே.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாவுதுட்டி."

டாக்டர் கொடுத்த குழாயைப் பம்பில் மாட்டி அவள் கையில் திணித்தேன்.

"பஸ் ஏறுதேன். ஆனா நாளையில இருந்து வீடியோ போட மாட்டேன். நல்லா இழுத்து, வேணும்ங்கிற மட்டும் இருமு."